வலிக்காத தீக்காயம்: ஃபீனால் கையாளப் போகிறவர்களுக்கு

என் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே பட்டாணி அளவில் ஒரு வழவழப்பான தழும்பு இருக்கிறது. ரெசின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வந்தது. ஃபீனால் டேங்கிலிருந்து சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தேன். கையுறையின் விளிம்பு மடங்கியிருந்த இடத்தில் ஒரே ஒரு சொட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பாட்டிலை மூடி, லேபிள் ஒட்டி, லேபில் கொடுத்துவிட்டு வந்துதான் கையுறையைக் கழற்றினேன். தோலில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்து, லேசாகச் சுருங்கியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். மரத்துப் போயிருந்தது. வலி துளிகூட இல்லை.

ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ஈரத்துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். ஃபோர்மேன் அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். ஓடி வந்து துணியைத் தட்டிவிட்டு, என்னை ஐ-வாஷ் (கண் கழுவும்) நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து, பஞ்சை ஒரு திரவத்தில் நனைத்து அந்த இடத்தை ஒற்றி எடுத்தார். பஞ்சைத் தூக்கிப் போட்டார். புதுப் பஞ்சு. மறுபடி. அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. "வலிக்கவே இல்லையே அண்ணே, விடுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வலிக்கலைங்கறதுதான் தம்பி இதோட குணமே. வலிச்சிருந்தா நீயே ஓடி வந்திருப்ப."

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பொருளோடுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஆலையின் பாதுகாப்புத் தரவுத் தாளும் நடைமுறை ஏடும்தான் முதலில். அவற்றைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

எதைக் கையாள்கிறோம்

முதலில் பெயர்க் குழப்பம். தரை துடைக்கும் பினாயிலும் ஃபீனாலும் ஒன்றல்ல. பெயர் ஒத்துப்போவதால், "வீட்டில் தினமும் தொடுகிற சமாச்சாரம்தானே" என்ற நினைப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

ஃபீனாலுக்குக் கார்பாலிக் அமிலம் என்று பழைய பெயர் உண்டு. 1834-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். இப்போது பெரும்பாலும் கியூமீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். கூடவே அசிட்டோனும் கிடைக்கிறது. பிளைவுட் ஒட்டும் பசை, பேக்கலைட், பிரேக் லைனிங், எபாக்சிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் மூலமான பிஸ்ஃபீனால் எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

சுத்தமான ஃபீனால் நிறமற்ற படிகம். 41 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். அதனால் ஆலைகளில் இதை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக வைத்துத் திரவமாகவே ஓட்டுவார்கள். சுமார் 10 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் சூடு இல்லாமலே திரவமாக இருக்கும். ஆய்வகங்களில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் அதுதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். நிறம் மாறினால் சரக்கின் தரம்தான் குறைகிறது, விஷம் குறைவதில்லை. டேங்கிலோ டிரம்மிலோ டேங்கரிலோ எழுதியிருக்கும் ஐ.நா. எண்ணை (ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் எண்) பார்த்துப் பழகுங்கள்: திட ஃபீனாலுக்கு 1671, உருகியதற்கு 2312, கரைசலுக்கு 2821.

வலி ஏன் இல்லை

ஃபீனால் தோலில் பட்டதும் அங்கிருக்கும் நரம்பு நுனிகளை மரக்கச் செய்துவிடுகிறது. இந்தக் குணத்தை மருத்துவர்கள் பயன்படுத்தவும் செய்கிறார்கள். தொண்டை வலிக்கு அடிக்கும் சில ஸ்ப்ரேக்களில் 1.4 சதவீத ஃபீனால் இருக்கிறது, மரத்துப் போவதற்காக. கால் நகம் சதைக்குள் வளர்கிறவர்களுக்கு நகத்தின் வேரை அழிக்க 80, 90 சதவீத ஃபீனாலைத் தொட்டு வைப்பார்கள். வேர் திசு செத்துப்போகும்; ஆனால் பிற்பாடு வலி குறைவு என்பார்கள். ஒரே பொருள் திசுவைக் கொல்கிறது, கொல்வது தெரியாமலும் பார்த்துக்கொள்கிறது. 1865-ல் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்கு இதில் நனைத்த துணியைக் கட்டிச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். அறுவை சிகிச்சையின் வரலாறே அதில் மாறியது. கிருமியைக் கொல்கிற அதே வேகம்தான் நம் தோலிலும் வேலை செய்கிறது.

தோல் வெளுப்பதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சூடான எண்ணெய் பட்டால் காயம் பட்ட இடத்தோடு நிற்கும். ஃபீனால் அப்படி நிற்காது. தோலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். தலைவலி, காதில் இரைச்சல், வியர்வை, தள்ளாட்டம் என்று ஆரம்பித்து, வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். சிறுநீர் கறுத்துப் பச்சை கலந்த நிறத்தில் வரும். சிறுநீரகம் அடி வாங்கும். உடம்பில் பெரிய பரப்பில் பட்டவர்கள் அரை மணி நேரத்துக்குள்ளேயே சரிந்து விழுந்து இறந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. ஆகவே எவ்வளவு பரப்பில் பட்டது, எவ்வளவு நேரம் தோலில் இருந்தது என்ற இரண்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வலியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

என்ன போட்டுக்கொள்வது

கையுறையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. லேபில் பெட்டி பெட்டியாக இருக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை ஃபீனாலுக்கு ஆகாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர், நியோப்ரீன், வைட்டான் போன்றவை தாங்கும். தயாரிப்பாளர் தரும் ஊடுருவல் நேர அட்டவணையில் ஃபீனால் என்ற வரியைத் தேடி, உங்கள் கையில் இருக்கும் அதே மாடலுக்கு எத்தனை நிமிடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். "கெமிக்கல் கிளவுஸ்" என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் இருக்கும் இடைவெளிதான் என் தழும்பு. கை கீழே தொங்குகிற வேலையென்றால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும். வழிவது வெளியே போய்விடும். கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலையென்றால் நேர்மாறு: கையுறை சட்டைக் கைக்கு வெளியே, விளிம்பை ஒரு விரல் அகலம் வெளிப்பக்கமாக மடித்து விடுங்கள். வழிகிற சொட்டு அந்த மடிப்பில் தங்கும், முழங்கைக்கு ஓடாது. என் கையுறை விளிம்பு மடங்கியிருந்தது உள்பக்கமாக.

ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) பிரிப்பது, ஹோஸ் மாட்டுவது, கழற்றுவது, பம்ப் திறப்பது போன்ற வேலைகளுக்கு முழு ரசாயன உடை, கண்ணை ஒட்டி மூடும் காகிள்ஸ், அதன்மேல் முழு முகக்கவசம், ரப்பர் பூட்ஸ் எல்லாமே வேண்டும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் புனலாகிவிடும். வெறும் காகிள்ஸ் போதும் என்று முகக்கவசத்தைத் தலைக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டு நிற்பவர்களை நான் திட்டாமல் விட்டதில்லை.

தோல் சாமான் எதுவும் கூடாது. தோல் ஷூ, தோல் பெல்ட், தோல் கைக்கடிகாரப் பட்டை. ஒருமுறை ஒரு ஹெல்பர் தம்பியின் ஷூ மேல் மதியம் கொஞ்சம் தெறித்தது. கழிவுத்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றான். ஷூவைக் கழற்றச் சொன்னேன். சாக்ஸை உருவியபோது நாலு விரலும் பாதத்தின் மேல்பக்கமும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அறை முழுக்க அந்த வாசனை. தோல், ஃபீனாலைக் குடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காலுக்கு ஊட்டியிருக்கிறது. இரண்டு நாள் மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கண்காணித்து அனுப்பினார்கள். பிழைத்துத் திரும்பி வந்தான். ஷூவை வெட்டி அபாயக் கழிவில் போட்டோம். துவைத்து, காயவைத்து மறுபடி போடுகிற பேச்சே கிடையாது.

மூக்கை எவ்வளவு நம்பலாம்

ஃபீனாலின் வாசனை தித்திப்பும் தாரும் கலந்தது. 0.05 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலேயே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். அனுமதிக்கப்பட்ட அளவு எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவில் 5 பிபிஎம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 பிபிஎம். ஆகவே புதிதாக உள்ளே வருகிறவருக்கு வாசனை முன்கூட்டியே எச்சரிக்கும். ஆனால் உள்ளேயே நிற்கிறவரின் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். "இப்போ வாசனை குறைஞ்சிடுச்சே" என்று யாராவது சொன்னால், காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், வெளியே இருந்து வருகிற ஒருவரைக் கேளுங்கள். அளவுமானியை நம்புங்கள்.

250 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. ஆறிய ஃபீனாலிலிருந்து அவ்வளவு ஆவி எளிதில் வராது. உருகிய ஃபீனால் கொட்டிய இடத்திலும், மூடிய டேங்குக்குள்ளும் கதை வேறு. அங்கே காற்றை வடிகட்டி மட்டும் தரும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கோடு போகக் கூடாது. காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும். இன்னொன்று: ஆவியும் தோல் வழியே உடம்புக்குள் போகும். மூச்சுக் கருவி மட்டும் மாட்டிக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு ஆவிக்குள் நிற்பது பாதிப் பாதுகாப்புதான்.

டேங்கர், குழாய், டேங்க்

டேங்கர் இறக்கும்போது ஹோஸ் மாட்டுவதற்கு முன் எர்த் கம்பியை மாட்டுங்கள். ஃபீனாலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 79 டிகிரி. அதிகமாகச் சூடேற்றிவிட்டால் நாம் ஓட்டுகிற வெப்பநிலைக்கும் அதற்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். அலுமினியம், துத்தநாகம், செம்பு கலந்த பாகங்கள் இந்த லைனில் இருக்கக் கூடாது. சூடான ஃபீனால் அவற்றை அரிக்கும். அவசரத்துக்குக் கிடைத்த ஒரு அலுமினியக் கப்ளிங்கை மாட்டிவிட்டு "இந்த ஒரு தடவைதானே" என்பார்கள். அந்த ஒரு தடவைதான் தெறிக்கும்.

ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது அழுத்தம் இல்லை என்று பேப்பரில் எழுதியிருந்தாலும், இருக்கிறது என்றே நினைத்துப் பிரியுங்கள். உங்களுக்கு அந்தப் பக்கமாக, எட்டத்தில் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றாமல் தளர்த்த மட்டும் செய்து, ஃபிளாஞ்சை லேசாக விலக்கினால், உள்ளே மிச்சம் இருப்பது உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் ஒழுகும். முகத்துக்கு நேரே இருக்கும் போல்ட்டை முதலில் கழற்றுகிறவருக்குத்தான் முகத்தில் அடிக்கும்.

உறைந்த குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஸ்டீம் டிரேசிங் (குழாயைச் சூடாக வைக்க அதை ஒட்டி ஓடும் நீராவி லைன்) நின்றுபோனால் சில மணி நேரத்தில் லைன் கல்லாகிவிடும். உறைந்த ஃபீனால் அமைதியாகத்தான் இருக்கும். சொட்டாது, ஆவி தெரியாது. உடனே யாராவது நடுவில் ஸ்டீம் ஹோஸை வைத்து உருக்கப் பார்ப்பார்கள். ஃபீனால் உருகும்போது விரியும். நடுவில் உருகியது இரண்டு பக்கமும் உறைந்த அடைப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டு போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கேஸ்கெட் கிழியும், வால்வு பிளக்கும், குழாயே வெடிக்கவும் கூடும். ஆகவே எப்போதும் திறந்திருக்கும் முனையிலிருந்து ஆரம்பியுங்கள். டேங்கோடு இணைந்து திரவமாக இருக்கும் இடம், அல்லது திறந்து வைத்த வென்ட் (காற்றும் ஆவியும் போகும் வழி). அங்கிருந்து அடி அடியாக உறைந்த பக்கம் நோக்கி நகருங்கள். உருகியது பின்னால் போக வழி இருந்துகொண்டே இருக்கும். வெந்நீரோ குறைந்த அழுத்த ஸ்டீமோ போதும். தீப்பந்தம், கேஸ் டார்ச் எந்தக் காரணத்துக்கும் கூடாது. லைன் திறந்துவிட்டதா என்று ஃபிளாஞ்சைத் தட்டிப் பார்க்கவும் கூடாது. கீழே வெப்பமானி வைத்துப் பாருங்கள், பம்ப் அழுத்தத்தைப் பாருங்கள்.

டிரம்மும் அப்படித்தான். உருக்க வைப்பதற்கு முன் மேல் மூடியைத் தளர்த்தி விடுங்கள், சூட்டு அறையிலோ வெந்நீர்த் தொட்டியிலோ மெதுவாக உருக்குங்கள். டிரம் தொட்டுப் பார்க்கச் சூடாக இருப்பதால் உள்ளே நடுவிலும் உருகிவிட்டது என்று அர்த்தமில்லை.

டேங்கில் பலர் மறக்கிற இடம் வென்ட். ஃபீனால் ஆவி குளிர்ந்த குழாயில் படிந்து வெள்ளைப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் வென்ட் லைன், தீத்தடுப்பு வலை, சுவாச வால்வு எல்லாம் அடைந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடைபட்ட வென்ட்டோடு பம்ப் போட்டுச் சரக்கை உறிஞ்சினால் டேங்க் தகரடப்பா மாதிரி உள்வாங்கிவிடும். சரக்கை நிரப்பினால் எதிர்மாறாக வெடிக்கப் பார்க்கும். வென்ட்டுக்கும் டிரேசிங் வேண்டும், குறித்த நாளில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்த்தவர் கையெழுத்துப் போட்டால் போதாது, எவ்வளவு படிந்திருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும் என்று உங்களுக்கே பிடிபடும்.

ஃபார்மால்டிஹைடோடு சேரும்போது

ரெசின் ரியாக்டரில் வேலை செய்கிறவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரியும்போது தானாகவே பெரும் வெப்பம் வெளிப்படும். அதனால்தான் ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்விப்பு ஈடுகொடுக்கும் வேகத்தில் மட்டும் விடுகிறோம். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் ஒரு ரெசின் ஆலையில், மூலப்பொருள்களையும் வினையூக்கியையும் ஒரே சமயத்தில் போட்டு, ஸ்டீமையும் திறந்துவிட்டார்கள். ரியாக்டர் வெடித்து ஆப்பரேட்டர் ஒருவர் இறந்தார், நாலு பேர் காயமடைந்தார்கள். வெப்பம் ஒருமுறை கையை மீறினால் கூலிங் வாட்டரால் பிடிக்க முடியாது. குளிர்விப்பு ஓடுகிறதா, கலக்கி சுற்றுகிறதா என்று இரண்டையும் பார்க்காமல் ஃபார்மால்டிஹைட் வால்வில் கை வைக்காதீர்கள். கலக்கி நின்று போய்த் திரும்ப ஓடினால், அதுவரை சேர்ந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் வினைபுரியும். கலக்கி நின்றால் முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். பிளீச்சிங் பவுடர், நைட்ரிக் அமிலம், பெராக்சைடு மாதிரி ஆக்சிஜனேற்றிகளையும் ஃபீனால் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பட்டுவிட்டால்

இது மனப்பாடமாக இருக்க வேண்டும். பட்ட நேரத்தில் யாரும் ஏட்டைப் புரட்ட மாட்டார்கள்.

உடம்பில் பெரிய பரப்பில் தெறித்திருந்தால் அந்த நொடியே அவசர ஷவருக்கு அடியில் நில்லுங்கள், தண்ணீர் முழு வேகத்தில் கொட்டட்டும். தண்ணீருக்கு அடியில் நின்றபடியே உடைகளைக் கழற்றுங்கள். எல்லாம், சாக்ஸ், பெல்ட், கடிகாரம் உட்பட. வெட்கம் பார்க்கிற நேரம் அல்ல. இதைப் பெண்கள் வேலை செய்கிற இடங்களில் முன்கூட்டியே யோசித்து ஷவருக்குத் திரை போட்டு வையுங்கள், அப்போதுதான் ஒரு பெண் தயங்காமல் கழற்றுவாள். சட்டையைத் தலைவழியே உருவாதீர்கள், கத்தரித்து எடுங்கள்.

கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஆகாது. ஈரத்துணியால் துடைப்பது, குழாயடியில் லேசாக நனைப்பது எல்லாம் ஃபீனாலைக் கரைத்து இன்னும் பெரிய பரப்பில் பரப்பும், உள்ளே போவதை வேகப்படுத்தும். நான் செய்யப் போன தவறு அதுதான். தண்ணீர் என்றால் வெள்ளமாக இருக்க வேண்டும்.

அடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால், 300 அல்லது 400 எண் உள்ளது. ஆலையில் நாங்கள் 'பெக்' என்போம். ஃபீனால் இதில் நன்றாகக் கரையும். தோலிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். சின்ன இடத்தில் பட்டு, பெக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நேராக அதிலேயே ஆரம்பிக்கலாம். பஞ்சை நன்றாக நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒருமுறை ஒற்றிய பஞ்சை மறுபடி தோலில் வைக்காதீர்கள். தோலில் ஃபீனால் வாசனை போகும் வரை, குறைந்தது அரை மணி நேரமாவது தொடர வேண்டும். என் கையில் இருபது பஞ்சுக்கு மேல் போயிருக்கும். கடைசிப் பஞ்சை ஃபோர்மேன் அண்ணன் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, இன்னொரு ஆளையும் முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். உதவி செய்கிறவரும் பியூட்டைல் கையுறை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நோயாளி இரண்டு பேராகிவிடுவார்கள்.

கண்ணில் பட்டால் பெக் விடவே கூடாது. சுத்தமான தண்ணீர் மட்டும், இமையை விரலால் பிரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம்; மனக்கணக்கில் எல்லோரும் மூன்று நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியிலேயே திரும்ப ஒருமுறை எரிக்கும். மூச்சு முட்டினால் சுத்தக் காற்றுக்குக் கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுங்கள்.

அப்புறம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மருத்துவமனை. ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும். பாதுகாப்புத் தரவுத் தாளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்த நேரத்தில் பட்டது, எந்தப் பகுதியில், எத்தனை உள்ளங்கை அகலம், எத்தனை நிமிடம் கழுவினோம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள்.

கொட்டிவிட்டால்

உருகியது கொட்டினால் முதலில் ஆட்களை விலக்குங்கள், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக. பிறகு வடிகால் மூடியை அடையுங்கள். மணலோ வெர்மிகுலைட்டோ போட்டு அணைகட்டி, ஆறி உறையவிட்டு, தீப்பொறி வராத மண்வெட்டியால் அள்ளி மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளாதீர்கள்.

வடிகாலில் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் போதுமான பாடம் இருக்கிறது. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு ரயில் தடம்புரண்டு சுமார் 37,900 லிட்டர் ஃபீனால் கொட்டியது. நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளில் கலந்து, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, கறுத்த சிறுநீர். 1984 ஜனவரியில் வேல்ஸின் டீ ஆற்றில் ஃபீனால் கலந்தபோது ஏறத்தாழ 20 லட்சம் பேரின் குழாய்த் தண்ணீர் கெட்டது. குடிநீரில் போடும் குளோரினோடு ஃபீனால் சேர்ந்தால் குளோரோஃபீனால் உருவாகும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மருந்து நெடி அடிக்கும், வாயில் வைக்க முடியாது. நீங்கள் ஒரு வாளி கழுவித் தள்ளுவதை உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் குடிக்கிறார்.

ஷிப்ட் தொடங்கும்போது

நான் செய்வதைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஷவர் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். தண்ணீர் உடனே கொட்ட வேண்டும். கையை நீட்டிப் பார்த்தால் 15 நிமிடம் நிற்கக்கூடிய சூட்டில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர் கொதித்தாலோ, குளிரில் உறைகிற மாதிரி இருந்தாலோ யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அடியில் நிற்க மாட்டார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து ஷவருக்குப் பத்து நொடியில் போக முடிகிறதா என்று நடந்து பார்ப்பேன். வழியில் டிரம், பேலட் எதுவும் கிடந்தால் நகர்த்தச் சொல்வேன். கண்ணில் பட்டவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். பெக் பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்ப்பேன், நிறைந்திருக்கிறதா என்று. பஞ்சு இருக்கிறதா, கத்தரிக்கோல் இருக்கிறதா. ஒருமுறை பாட்டில் பாதி காலியாக இருந்தது. யாரோ கையில் ஒட்டிய பெயின்ட் போக எடுத்திருக்கிறார்கள். அன்று புது பாட்டில் ஸ்டோரிலிருந்து வந்து சேரும் வரை, முக்கால் மணி நேரம், டேங்கர் வால்வைத் திறக்க நான் விடவில்லை.

கடைசியாகக் கையுறை. போடுவதற்கு முன் விளிம்பைச் சுருட்டிக் காற்றை அடைத்து, விரல் பக்கம் அழுத்திக் கன்னத்துக்கு அருகே வைத்துப் பாருங்கள். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும்.